சட்டக் கட்டுரைக்கு அடிக்குறிப்பும் நூற்பட்டியலும்: கதவு எண் வரை ஒரு வழிகாட்டி

‘ஆட்டோ சங்கர் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1994.’

தனியுரிமை பற்றிய ஒரு செமினார் கட்டுரையில் இப்படி ஓர் அடிக்குறிப்பைப் பார்த்தேன். எழுதியவருக்கு எந்தத் தீர்ப்பு என்று தெரியும். ஆனால் ஆட்டோ சங்கரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் 1994இல்தான். அவர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிடலாமா என்ற வழக்கில் தனியுரிமை பற்றிச் சொன்னதும் அதே 1994இல்தான். குறிப்பை நம்பிக் கிளம்புகிற வாசகர் எந்தத் தீர்ப்பின் வாசலில் போய் நிற்பார்?

அடிக்குறிப்பு என்பது ஒரு விலாசம். தெருப் பெயரோடு நிறுத்தினால் போதாது, கதவு எண் வேண்டும். அதுவும் நீங்களே போய்ப் பார்த்த வீடாக இருக்க வேண்டும். யாரோ சொல்லக் கேட்டு எழுதியதாக இருக்கக் கூடாது. கீழே வரும் விதிகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்து பிறந்தவைதான். அதனால் மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

உதாரணத்துக்கு அந்தத் தனியுரிமைக் கட்டுரையையே கடைசி வரை வைத்துக்கொள்வோம். கல்லூரியில் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். புள்ளி, காற்புள்ளி, அடைப்புக்குறி நிற்கும் இடம் அப்படியே பொருந்தும்.

எந்த முறை என்று முதலில் கேளுங்கள்

இந்தியச் சட்ட மாணவர்கள் கையில் பெரும்பாலும் மூன்று முறைகள் புழங்குகின்றன. டெல்லியில் இருக்கும் இந்தியச் சட்ட நிறுவனத்தின் ஐஎல்ஐ முறை ஒன்று. அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், கொலம்பியா, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களின் சட்ட இதழ்கள் சேர்ந்து நடத்தும் புளூபுக் இன்னொன்று. மூன்றாவது ஆக்ஸ்போர்டில் 2000இல் பேராசிரியர் பீட்டர் பிர்க்ஸ் தொடங்கி வைத்த ஆஸ்கோலா. சில கல்லூரிகள் சொந்தமாக ஒரு முறை வைத்திருக்கும். எது வேண்டும் என்று துறையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னார் என்பதெல்லாம் மதிப்பெண் குறைந்த பிறகு உதவாது.

முறைகளுக்குள் வித்தியாசம் சின்னதுதான், ஆனால் கண்ணில் படும். ஆஸ்கோலாவில் அந்த நக்கீரன் வழக்கு இப்படி வரும்:

ஆர் ராஜகோபால் வி ஸ்டேட் ஆஃப் தமிழ்நாடு (1994) 6 எஸ்சிசி 632.

இனிஷியலுக்குப் பின் புள்ளி இல்லை, ‘வி’க்குப் பின் புள்ளி இல்லை, பெயருக்கும் ஆண்டுக்கும் இடையே காற்புள்ளி இல்லை. புளூபுக்கில் இந்த மூன்றும் உண்டு. ஆஸ்கோலாவில் தொடங்கி நடுவில் புளூபுக்குக்கு மாறினால், வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியது என்று திருத்துபவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் அவர் கணிப்பு சரியாகவும் இருக்கும்.

‘ஹார்வர்ட் முறை’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறியில் போடுகிற முறை அது. மேலே சொன்ன ஹார்வர்ட் சட்ட இதழோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சமூக அறிவியலுக்கு நன்றாகப் பொருந்தும். சட்டக் கட்டுரையில் ஒரே பத்தியில் ஐந்து வழக்குகளும் மூன்று பிரிவுகளும் வரும். அத்தனையையும் வாக்கியத்துக்குள் திணித்தால் படிக்க முடியாது. அதனால்தான் சட்டக்காரர்கள் அடிக்குறிப்பை விடுவதில்லை.

இனி நான் சொல்வது ஆஸ்கோலாவை ஒட்டியே இருக்கும். மற்ற இரண்டுக்கும் தர்க்கம் ஒன்றுதான்.

படிக்கும்போதே எழுதுங்கள்

என் முதுகலை ஆய்வுக்கட்டுரையில் ஒரு மேற்கோள், நாலே வரி. நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தேன். நூலின் பெயரும் இருந்தது. பக்க எண் மட்டும் இல்லை. சமர்ப்பிக்க இரண்டு நாள் இருக்கும்போது நூலகத்துக்கு ஓடினால், புத்தகத்தை வேறொருவர் எடுத்துப் போயிருந்தார். அந்த நாலு வரியைத் தூக்கினால் அதைத் தாங்கி நின்ற ஒரு பத்தியே சரிந்தது. கடைசியில் பத்தியையே எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்த மூலத்தைத் திறந்தாலும் முதல் வரியில் முழு விவரத்தை எழுதிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவேன். அப்புறம் எடுக்கிற ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்திலேயே பத்தி எண்ணோ பக்க எண்ணோ. மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள்குறி, என் சொல்லில் சுருக்கினால் குறி இல்லை. இந்த மேற்கோள்குறியை அசட்டை செய்யாதீர்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைப் பார்க்கும்போது எது உங்கள் வாக்கியம், எது நீதிபதியின் வாக்கியம் என்று உங்களுக்கே தெரியாது. வேண்டுமென்றே திருடாமலும் திருட்டில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

எதற்கெல்லாம் குறிப்பு வேண்டும்

சட்டம் இப்படிச் சொல்கிறது என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வேண்டும். மற்றவர் சொற்களுக்கு வேண்டும். உங்கள் சொற்களில் மாற்றி எழுதியிருந்தாலும், வாதம் அவருடையது என்றால் அதற்கும் வேண்டும். மாணவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தக் கடைசி வகையைத்தான். உங்கள் சொந்த அலசலுக்கும் முடிவுக்கும் குறிப்பு தேவையில்லை. இந்தியாவுக்கு எழுதப்பட்ட அரசியலமைப்பு உண்டு என்பதற்கும் தேவையில்லை.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. பிரிவு 21 என்ன சொல்கிறது என்பதற்கு அரசியலமைப்பையே காட்ட வேண்டும். ஒரு பாடநூலின் பக்கத்தைக் காட்டினால் அது சுற்று வழி. அந்தப் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் என்ன பொருள் கொடுத்தது என்பதற்குத் தீர்ப்பைக் காட்ட வேண்டும். அந்தப் பொருள் சரியா என்று விவாதிக்கும்போதுதான் நூலும் ஆய்விதழ்க் கட்டுரையும் உள்ளே வரும். பிரிவு 141இன்படி உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஒரு பாடநூல் யாரையும் கட்டுப்படுத்தாது. அடிக்குறிப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்தே, எழுதியவருக்கு இந்த வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம்.

தீர்ப்பைக் குறிப்பது

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ராஜகோபால் குறிப்பைத் துண்டு துண்டாகப் பிரிப்போம்.

கட்சிக்காரர் பெயர். வாசகங்களுக்கு நடுவே வரும்போதும் அடிக்குறிப்பில் வரும்போதும் சாய்வெழுத்து. ‘மற்றும் பிறர்’ போன்ற வால்கள் வேண்டாம். ‘ஆட்டோ சங்கர் வழக்கு’ என்ற புழக்கப் பெயரை வாசகத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் அடிக்குறிப்பில் முழுப் பெயர் இருந்தாக வேண்டும்.

(1994) 6 எஸ்சிசி 632. சுப்ரீம் கோர்ட் கேசஸ் தொகுப்பில், 1994ஆம் ஆண்டின் 6ஆம் தொகுதியில், 632ஆம் பக்கத்தில் இந்தத் தீர்ப்பு தொடங்குகிறது. அவ்வளவுதான். இதே தீர்ப்பு ஆல் இந்தியா ரிப்போர்ட்டரிலும் வந்திருக்கிறது. அங்கே அதன் விலாசம் ஏஐஆர் 1995 எஸ்சி 264.

ஆண்டைக் கவனித்தீர்களா? ஒன்றில் 1994, இன்னொன்றில் 1995. தீர்ப்பு வந்தது 1994 அக்டோபரில். ஏஐஆரில் இருக்கும் 1995 அந்தத் தொகுதியின் ஆண்டு. ஏஐஆரை மட்டும் பார்த்துவிட்டு ‘1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தனியுரிமை பற்றிய பழைய கரக் சிங் வழக்கிலும் இதே கதை. ஏஐஆர் 1963 எஸ்சி 1295 என்று இருக்கும், தீர்ப்போ 1962 டிசம்பர். சைட்டேஷனில், அதாவது இந்தத் தொகுப்பு விலாசத்தில், இருக்கும் ஆண்டைத் தீர்ப்பு ஆண்டாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தீர்ப்பின் முதல் பக்கத்தில் தேதி இருக்கும், அதைப் பாருங்கள்.

அடைப்புக்குறி விஷயம் ஒன்று. ஆங்கிலேயத் தொகுப்புகளில், ஆண்டு இல்லாமல் தொகுதியைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் ஆண்டுக்குச் சதுர அடைப்புக்குறி: டோனஹியூ வி ஸ்டீவன்சன் [1932] ஏசி 562. தொகுதிகளுக்குத் தனித் தொடர் எண் இருந்தால் வட்ட அடைப்புக்குறி. இந்தத் தர்க்கப்படி ஆண்டுதோறும் 1இலிருந்து தொடங்கும் எஸ்சிசிக்குச் சதுரம்தான் வர வேண்டும். ஆனால் எஸ்சிசி தன்னைத்தானே வட்டத்தில்தான் குறித்துக்கொள்கிறது. வெளிநாட்டு வழக்குகளை அந்தந்த நாட்டு வழக்கப்படியே குறி, புள்ளிகளை மட்டும் உதறிவிடு என்பது ஆஸ்கோலாவின் நிலை. ஆகவே வட்டமே இருக்கட்டும். ஏஐஆருக்கு எந்த அடைப்புக்குறியும் கிடையாது.

நியூட்ரல் சைட்டேஷன். எந்தப் பதிப்பகத்தையும் சாராமல் நீதிமன்றமே கொடுக்கும் எண் இது. உச்ச நீதிமன்றம் 2023இல் தொடங்கியது. தேர்தல் பத்திரத் தீர்ப்பு இப்படி வரும்: அசோசியேஷன் ஃபார் டெமாக்ரடிக் ரிஃபார்ம்ஸ் வி யூனியன் ஆஃப் இந்தியா 2024 ஐஎன்எஸ்சி 113. தொகுப்பில் வந்திருந்தால் முதலில் நியூட்ரல் எண், அடுத்து காற்புள்ளி போட்டுத் தொகுப்பு. சந்தா கட்ட முடியாத மாணவருக்கு இந்த எண் பெரிய வரம். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகவே தேடலாம்.

இனி கதவு எண். 632ஆம் பக்கத்தில் தீர்ப்பு தொடங்குகிறது, சரி. நீங்கள் சொல்லும் கருத்து எங்கே இருக்கிறது? தனியுரிமை பற்றிய கோட்பாடுகளை நீதிமன்றம் தொகுத்துச் சொல்வது எஸ்சிசியில் 26ஆம் பத்தியில். எனவே குறிப்பு இப்படி நீளும்: (1994) 6 எஸ்சிசி 632 [26]. பத்தி எண் இல்லாத பழைய தீர்ப்பென்றால் பக்க எண். பத்தி எண்கள் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். எஸ்சிசி சைட்டேஷனை எழுதிவிட்டு, இந்தியன் கானூன் இணையதளத்தில் பார்த்த பத்தி எண்ணைப் போடுவது ஒரு தெருவின் பெயரையும் இன்னொரு தெருவின் கதவு எண்ணையும் சேர்த்துக் கொடுப்பது மாதிரி.

தலைக்குறிப்பை மேற்கோள் காட்டாதீர்கள். தீர்ப்பின் மேலே சுருக்கமாக, சௌகரியமாக, எல்லாம் சொல்லிவிடுகிற அந்தப் பகுதி தொகுப்பின் பதிப்பாளர் எழுதியது. நீதிபதியின் வார்த்தை அங்கே இல்லை.

யார் சொன்னது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் வந்த புட்டசாமி தீர்ப்பில், (2017) 10 எஸ்சிசி 1, ஒன்பது நீதிபதிகள். முடிவு ஏகமனதானது, ஆனால் தனித்தனியாக எழுதப்பட்ட தீர்ப்புரைகள் ஆறு. ‘நீதிமன்றம் கூறியது’ என்று பொத்தாம்பொதுவாக எழுத முடியாது, டி.ஒய். சந்திரசூட் தனக்காகவும் மூவருக்காகவும் எழுதியதா, நாரிமன் தனியாக எழுதியதா என்று பத்தி எண்ணுக்குப் பின் அடைப்புக்குறியில் சொல்ல வேண்டும். கரக் சிங்கில் இது இன்னும் ஆபத்து. தனியுரிமையைத் தனிமனிதச் சுதந்திரத்தின் அங்கமாகப் பார்த்தது நீதிபதி சுப்பா ராவின் மாறுபட்ட தீர்ப்பு. பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. ‘(சுப்பா ராவ் ஜே, மாறுபட்டு)’ என்ற நாலு சொல்லை விட்டுவிட்டால், உங்கள் குறிப்பு சட்டத்தையே தலைகீழாக்கிவிடும்.

அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா? நெருக்கடி நிலைக் காலத்தின் ஏடிஎம் ஜபல்பூர் தீர்ப்பு, (1976) 2 எஸ்சிசி 521, தவறு என்று புட்டசாமியில் வெளிப்படையாகவே ஒதுக்கப்பட்டது. 1976இல் பெரும்பான்மையில் இருந்தவர் ஒய்.வி. சந்திரசூட்; 2017இல் அதைத் தள்ளி எழுதியவர் அவருடைய மகன். வரலாற்றுக்காக ஜபல்பூரைக் குறிப்பிடலாம், ஆனால் ‘புட்டசாமியில் ஒதுக்கப்பட்டது’ என்று அதே அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும்.

போகிற போக்கில் இன்னொன்று. ‘புட்டசாமி வழக்கு’ என்றாலும் போதாது. அதே பெயரில் ஆதார் தீர்ப்பு 2018 செப்டம்பரில் வந்தது. அதன் விலாசம் (2019) 1 எஸ்சிசி 1. மறுபடியும் ஆண்டு மாறுவதைப் பாருங்கள்.

ஒரு சொல்லின் பின்னால் போய்ப் பார்த்தால்

ராஜகோபால் தீர்ப்பின் 26ஆம் பத்தியில், தனியுரிமை என்பது ‘தொந்தரவின்றி விடப்படும் உரிமை’ என்ற பொருளில் ஒரு ஆங்கிலத் தொடர் வருகிறது. அழகான தொடர், உங்கள் கட்டுரையின் முதல் பத்திக்கு உடனே எடுக்கத் தோன்றும். யாரைக் காட்டுவீர்கள்?

1994 தீர்ப்பை மட்டும் காட்டினால், நீதிபதியே உருவாக்கிய தொடர் என்று வாசகர் நினைப்பார். கொஞ்சம் பின்னால் போனால், 1928இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஓம்ஸ்டெட் வழக்கில் நீதிபதி பிராண்டைஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் அதே தொடர். இன்னும் பின்னால், அதே பிராண்டைஸ் வழக்கறிஞராக இருந்தபோது சாமுவேல் வாரனோடு சேர்ந்து 1890இல் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரை. அவர்களையே மூலவர்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் கட்டுரையைத் திறந்து 195ஆம் பக்கத்தைப் பார்த்தால், நீதிபதி கூலி இதை இப்படி அழைக்கிறார் என்று அவர்களே தாமஸ் கூலியைக் காட்டுகிறார்கள். நூறாண்டுக்கு மேல் கைமாறி வந்த சொல்.

இப்போது உங்கள் முன் இரண்டு நேர்மையான வழிகள். கூலியின் நூலைத் தேடிப் பிடித்துப் பார்த்தீர்கள் என்றால் அதையே காட்டலாம். பார்க்கவில்லை என்றால், வாரன்–பிராண்டைஸ் கட்டுரையின் 195ஆம் பக்கத்தைக் காட்டி, ‘கூலியை மேற்கோள் காட்டி’ என்று சேர்க்க வேண்டும். கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து கூலியின் விவரத்தைப் பிய்த்து எடுத்து, நேரில் படித்ததுபோல் உங்கள் அடிக்குறிப்பில் ஒட்டுவது மூன்றாவது வழி. சட்டக் கல்லூரிகளில் மிகப் பிரபலமான வழியும் அதுதான். முதல் ஆள் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் அடுத்த இருபது பேரும் அதே தப்பைப் போடுவார்கள், பிடிபடுவதும் அப்படித்தான்.

சட்டங்களும் பிரிவுகளும்

வடிவம் எளிது. சட்டத்தின் பெயர், ஆண்டு, காற்புள்ளி, பிரிவு. ஆஸ்கோலாவில் பெயருக்கும் ஆண்டுக்கும் இடையே காற்புள்ளி வராது. சிரமம் வடிவத்தில் இல்லை, எந்தச் சட்டம் என்பதில் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 2023 வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை 302ஆம் பிரிவிலிருந்து 103ஆம் பிரிவுக்குப் போனது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். அதனால் பழைய தீர்ப்பை அலசும்போது 302ஐப் போட்டு, இன்றைய இணைப் பிரிவை அதே அடிக்குறிப்பில் சொல்லுங்கள். பழைய எண்ணைத் தூக்கிவிட்டுப் புதிய எண்ணை வைத்தால், நீதிபதி பார்த்தே இராத பிரிவை அவர் வாயில் திணித்ததாக ஆகும். இன்னொரு பொறி: சன்ஹிதாவின் ஆண்டு 2023, நடைமுறை 2024. பெயரில் 2023தான் வரும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பெயர் 1973ஐச் சொல்லும், சட்ட எண்ணோ 1974இன் 2ஆம் சட்டம் என்று சொல்லும். இரண்டும் சரி.

செத்துப்போன பிரிவை உயிரோடு இருப்பதுபோல் காட்டாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ஷ்ரேயா சிங்கால் வழக்கில், (2015) 5 எஸ்சிசி 1, உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் செல்லாது என்றது. இன்றைக்கும் அதை நடப்புச் சட்டமாக எழுதும் கட்டுரைகள் வருகின்றன. பிரிவின் வாசகத்தை இந்தியா கோட் தளத்தில் பாருங்கள். கடையில் வாங்கிய பேர் ஆக்ட் (சட்ட வாசகத்தை மட்டும் அச்சிட்ட புத்தகம்) எந்த வருடப் பதிப்பு என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்களுக்குத் தொகுதி எண்ணோடு தேதியும் கொடுங்கள். அம்பேத்கர் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசியது 7ஆம் தொகுதி, 1948 நவம்பர் 4. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறலாம், தேதி மாறாது. சட்ட ஆணைய அறிக்கைக்கு ஆணையமே ஆசிரியர்: லா கமிஷன் ஆஃப் இந்தியா, அறிக்கையின் தலைப்பு, அடைப்புக்குறியில் அறிக்கை எண்ணும் ஆண்டும். மரண தண்டனை அறிக்கை என்றால் (அறிக்கை எண் 262, 2015).

நூல், கட்டுரை, இணையம்

நூலுக்கு: ஆசிரியர், சாய்வெழுத்தில் நூற்பெயர் (பதிப்பு, பதிப்பகம் ஆண்டு) பக்கம். முதல் பதிப்பென்றால் பதிப்பைச் சொல்ல வேண்டாம். சட்ட நூல்களில் பதிப்பு முக்கியம். 5ஆம் பதிப்பின் 1,100ஆம் பக்கத்தில் இருந்தது 8ஆம் பதிப்பில் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

ஆய்விதழ்க் கட்டுரைக்கு: சாமுவேல் டி வாரன், லூயிஸ் டி பிராண்டைஸ், ‘தி ரைட் டு பிரைவசி’ (1890) 4 ஹார்வ் எல் ரெவ் 193, 195. தலைப்பு ஒற்றை மேற்கோள்குறிக்குள், சாய்வு இல்லாமல். 193 தொடக்கப் பக்கம், 195 நீங்கள் காட்டும் பக்கம். ஆங்கிலத்தில் இரண்டு ஆசிரியர் பெயர்களுக்கு நடுவே காற்புள்ளி வராது, ‘அண்ட்’ வரும்.

இணையப் பக்கத்துக்கு ஆசிரியர், தலைப்பு, தளத்தின் பெயர், வெளிவந்த தேதி, கோணக்குறிக்குள் முகவரி, கடைசியில் நீங்கள் பார்த்த தேதி. தொகுப்பில் வந்த தீர்ப்பை இணையத்தில் படித்தீர்கள் என்பதற்காக அந்த நீண்ட இணைப்பை ஒட்ட வேண்டாம், தொகுப்பு சைட்டேஷன் போதும். விக்கிபீடியாவிலிருந்து தொடங்குங்கள், தப்பில்லை, அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

திரும்ப வரும் குறிப்பு

ஒரு மூலத்தை இரண்டாவது முறை காட்டும்போது முழுதும் எழுத வேண்டியதில்லை. உடனே முந்தைய குறிப்பும் அதுவே என்றால் ‘இபிட்’, அதாவது ‘அதே இடத்தில்’. இடையில் வேறு குறிப்புகள் வந்துவிட்டால் சுருக்கப் பெயரும் முதல் குறிப்பின் எண்ணும்: ராஜகோபால் (எண் 4) [26].

இதில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. கடைசி நாளில் வழிகாட்டி ‘இங்கே கோவிந்த் வழக்கையும் சேர்’ என்பார். 3ஆம் குறிப்புக்குப் பின் புதிதாக ஒன்று நுழையும். வேர்டு எல்லா எண்களையும் தானாக நகர்த்திவிடும், நீங்கள் கையால் தட்டிய ‘எண் 4’ மட்டும் அசையாமல் நிற்கும். இப்போது ராஜகோபாலைத் தேடுபவர் கோவிந்த் வீட்டுக் கதவைத் தட்டுவார். அதனால் கையால் எண் தட்டாதீர்கள். ரெஃபரன்சஸ் பகுதியில் இருக்கும் கிராஸ்-ரெஃபரன்ஸைப் பயன்படுத்துங்கள். முடிவில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். அடிக்குறிப்புப் பகுதிக்குள்ளும் போய் ஒருமுறை தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டும். இபிட்டுக்கு இந்த வசதி கிடையாது. வரைவு முடியும் வரை இபிட்டே போடாமல், கடைசியில் ஒரே மூச்சில் போடுவதே என் வழக்கம்.

புதிய அடிக்குறிப்புக்கு கண்ட்ரோல், ஆல்ட், எஃப். எண் முற்றுப்புள்ளிக்குப் பின் உட்காரும். ஒவ்வொரு அடிக்குறிப்பும் முற்றுப்புள்ளியோடு முடியும்.

நூற்பட்டியலும் நம் இனிஷியலும்

கட்டுரை முடிந்ததும் அடிக்குறிப்புகளை அள்ளி வந்து வரிசைப்படுத்துவதுதான் நூற்பட்டியல். சட்டத்தில் மூன்று பெட்டிகள்: வழக்குகள், சட்டங்கள், மற்றவை. வழக்குகள் அகர வரிசையில், இங்கே சாய்வெழுத்து இல்லாமல். பத்தி எண்ணும் பக்க எண்ணும் வேண்டாம், இங்கே தெரு போதும். வரிகள் முற்றுப்புள்ளியில் முடியாது. கட்டுரையில் காட்டாத நூல்களைப் பட்டியலில் மட்டும் சேர்த்து எண்ணிக்கை காட்டுகிற வேலை வேண்டாம்.

ஆசிரியர் பெயரில் குடும்பப் பெயர் முன்னால், முதலெழுத்து பின்னால்: வாரன் எஸ்டி, பிராண்டைஸ் எல்டி. வெள்ளைக்காரப் பெயருக்கு இது சரி. நமக்கு? கே. சந்துரு என்பதில் சந்துரு அவர் பெயர். நம் வழக்கில் முன்னெழுத்து பெரும்பாலும் அப்பாவைக் குறிக்கும், சில வீடுகளில் ஊரையும் சேர்த்து. குடும்பப் பெயர் என்று ஒன்றே கிடையாது. இங்கே விதியின் எழுத்தைப் பார்க்காமல் அதன் நோக்கத்தைப் பாருங்கள்: வாசகர் எந்தப் பெயரில் தேடுவார்? சந்துரு என்றுதான். எனவே ‘சந்துரு கே’. நூலகங்களும் தமிழ்ப் பெயர்களை இப்படித்தான் வரிசைப்படுத்துகின்றன.

இனிஷியலைக் கடவுச்சீட்டுக்காக விரித்துப் பின்னால் போட்டவர்களிடம்தான் தடுமாற்றம். கடைசியில் நிற்பது அப்பா பெயர். ஸோட்டேரோ மாதிரி மென்பொருளைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கடைசிப் பெயரை முன்னால் தள்ளி, மகளின் ஆய்வை அப்பா பெயரில் பட்டியலிட்டுவிடும். அவரே தன் பிற கட்டுரைகளில் எப்படி எழுதுகிறார், மற்றவர்கள் எப்படிக் குறிக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தெரியாவிட்டால் நூலின் முகப்பில் உள்ளபடியே வைத்துவிடலாம். எதைச் செய்தாலும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

சதவீதமும் ஏஐயும்

முதுகலை ஆய்வுக்கட்டுரைக்கும் பிஎச்டிக்கும் யுஜிசியின் 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகள் பொருந்தும். 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. மூலம் சுட்டிய மேற்கோள், நூற்பட்டியல், சட்ட வாசகம் இவை கணக்கில் வராது. செமஸ்டர் கட்டுரைகளும் அசைன்மென்ட்களும் இந்த ஒழுங்குமுறைக்குள் வராது. அவற்றுக்கு உங்கள் கல்லூரி விதி. மென்பொருள் 4 சதவீதம் காட்டியது என்று நிம்மதி அடையாதீர்கள். அது எண்ணுவது ஒத்துப்போகும் சொற்களை மட்டும். அடுத்தவர் வாதத்தைச் சொல் மாற்றி எழுதி மூலம் காட்டாமல் விட்டால் மென்பொருளுக்குத் தெரியாது. அந்தத் துறையில் முப்பது வருடம் படித்தவருக்குத் தெரியும்.

ஏஐ கொடுக்கும் சைட்டேஷன் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் நியூயார்க்கில் மாட்டா வி அவியாங்கா வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். கட்சிக்காரர் பெயர், தொகுதி, பக்கம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன, வழக்குதான் இல்லை. நீங்கள் திறந்து பார்க்காத தீர்ப்பு உங்கள் அடிக்குறிப்பில் இருக்கக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு மேல் இதற்கென்று தனி விதி தேவையில்லை.

கொடுப்பதற்கு முன்

முந்தின நாள் மாலை ஒரு நண்பரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவருக்கு உங்கள் தலைப்பு தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. கட்டுரையைக் கொடுத்து, ஏதாவது எட்டு அடிக்குறிப்பை அவரே தேர்ந்தெடுத்து, இ-எஸ்சிஆரிலோ நூலகத்திலோ தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ‘ராஜகோபால்... 1994... 6ஆம் தொகுதி... 632... பத்தி 26, இதோ’ என்று அவர் உங்கள் உதவியில்லாமல் வந்து சேர்ந்தால் அந்தக் குறிப்பு தேறியது. எட்டில் ஒன்று தடுக்கினாலும் மிச்சம் எல்லாவற்றையும் நீங்களே ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். நூறு குறிப்புள்ள கட்டுரைக்கு அரை நாள் ஆகும், டீ செலவு தனி.